மகள் நித்திரை கொள்ள வந்த பத்து நாட்கள்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதுவது படித்தவர்கள் செய்கிற காரியம். நான் ஊரில் பதினாறு வயதில் சாதாரண தரச் சோதனை எடுத்ததோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதிலும் கணக்கில் இரண்டாம் முறைதான் பாஸ். அதற்குப் பிறகு நான் எழுதிய மிக நீளமான எழுத்து, "இது இவருக்கு, இது நாளைக்கு, இதைத் தொடவேண்டாம்" என்று சாப்பாட்டுப் பெட்டிகளின் மூடியில் ஒட்டுகிற துண்டுதான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள், நாலு பேர் படிக்கட்டும் என்று எழுத வந்துவிட்டாளே என்று என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எழுதும்போது ஒருவரும் முகத்துக்கு நேரே நின்று பார்ப்பதில்லை. அந்தத் தைரியம் ஒன்றுதான் எனக்கு இருக்கிறது.

எங்கள் வீடு புக்கெகோஹி என்கிற தோட்ட ஊரில். நான் வேலை செய்வதும் அங்கேதான், மரக்கறி கழுவிப் பொதி செய்யும் ஒரு பெரிய ஷெட்டில். இவர், அதாவது என் கணவர், மங்கரேயில் விமானச் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை. எங்களுக்கு ஒரே மகள். வயது இருபத்தேழு. மூன்று வருடம் நல்ல வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டுக் கடல் தாண்டி மெல்பேர்ணில் ஒரு பிஸ்னஸ் ஸ்கூலில் படிக்கப் போனாள். முதல் வருடம் முடிந்ததும் கோடை விடுமுறையில் இங்கே நகரத்துப் பக்கம் எல்லர்ஸ்லியில் ஒரு ஒபிசில் பத்து வாரம் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. அது வேலை மாதிரி, ஆனால் வேலை இல்லை. பத்து வாரமும் வைத்துப் பார்த்து, பிடித்திருந்தால் படிப்பு முடிந்ததும் வேலைக்கு எடுப்பார்களாம். பெண் பார்க்க வருகிறவர்கள் பத்து வாரம் வீட்டிலேயே தங்கிப் பார்ப்பது போல என்று இவர் எனக்கு விளக்கினார். உடனே விளங்கிவிட்டது.

அதற்கு முன் பத்து நாள் ஓய்வெடுக்க வருகிறேன் என்றாள். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் இவர் வேலை முடிந்து அப்படியே விமான நிலையத்துக்குப் போய் அவளை ஏற்றி வந்தார். நான் கதவைத் திறந்தேன். பெட்டியைக் கீழே விட்டுவிட்டு என் தோளில் நெற்றியை வைத்தாள். கட்டிப் பிடிக்கிறாள் என்று நினைத்து முதுகைத் தடவினேன். நின்றபடியே தூங்கப் பார்த்திருக்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். மகள் பேசுவது இங்கிலீசில். அதை நான் தமிழில் எழுதுகிறேன். அதனால் இங்கே அவள் சரளமாகத் தமிழ் பேசுவது போல இருக்கும். நம்பிவிடாதீர்கள். அவள் உண்மையாகவே தமிழில் சொன்ன இடம் வந்தால் தனியே சொல்கிறேன்.

அன்று சாப்பிடும்போது சொன்னாள்.

"அம்மா, ஒரு உதவி. நான் வந்திருக்கிறன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"சொன்னால் வருவினம். வந்தால் சிரிக்க வேணும். ஒரு வருசமாச் சிரிச்சுக் களைச்சுப் போனன். குறூப் வேலையில சிரிச்சன், ஆரோ வந்து கதைச்சால் சிரிச்சன். கடைசிச் சோதனைக்கு முதல் நாள் லிப்டுக்குள்ள நிண்டபடி நித்திரையாகி நாலு தரம் மேலயும் கீழயும் போய் வந்திருக்கிறன். இந்தக் கோலத்தில, அடுத்த கிழமை கழிஞ்சு திங்கட்கிழமை அந்த ஒபிசுக்குள்ள போனால் அவங்கள் முதல் நாளே கண்டுபிடிச்சிடுவாங்கள். பத்து நாள் அம்மா. ஒருத்தரும் வேண்டாம்."

"நானும் வேண்டாமோ?" என்று இவர் கேட்டார்.

"அப்பா பரவாயில்லை. அப்பா கதைக்கிறதில்லைதானே."

மகள் என்னிடம் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள். படிப்பில் நான் அவளுக்கு ஒரு உதவியும் செய்ததில்லை. ஆறாம் வகுப்புக் கணக்கிலேயே என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பிஸ்னஸ் ஸ்கூலுக்கு விண்ணப்பம் எழுதிய நாட்களில் நான் செய்தது, அவள் மேசைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் தேநீரை வைத்துவிட்டு வந்ததுதான். இப்போதுதான் என்னால் முடிந்த ஒரு வேலையைத் தந்திருக்கிறாள். வாசலைப் பார்த்துக்கொள்வது. பத்து நாள்.

"ஓம்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் அவள் பதினாலு மணித்தியாலம் தூங்கினாள். வேலையால் வந்து பார்க்கிறேன், திரை மூடியபடி. மெதுவாகப் போய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். கைக்குழந்தையாக இருந்தபோது அப்படித்தான் பார்ப்பேன்.

"உயிரோடதான் இருக்கிறன் அம்மா" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

சனிக்கிழமை அவள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினாள். ஓய்வெடுக்கவும் அட்டவணை போடுகிற பிள்ளையை அன்றுதான் கண்டேன். பத்து முதல் பன்னிரண்டு வரை படுத்திருத்தல். பிறகு சாப்பாடு. ஒன்று முதல் நான்கு வரை மீண்டும் படுத்திருத்தல், இடம்: டிராம்போலின். அது அவள் சின்ன வயதில் குதித்து விளையாடியது. பின்வளவில் எலுமிச்சை மரத்தடியில் இன்னும் நிற்கிறது. அதன் மேல் தலையணையைப் போட்டுத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிடுவாள்.

ஒரு மனுசி பகலில் சும்மா படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அரை மணிக்கு ஒரு முறை ஏதாவது வெட்டிக்கொண்டு போனேன். ஆப்பிள், பிறகு கிவி, பிறகு உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய். நாலாவது தட்டோடு போனபோது அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்கள்தான் இப்ப விசிட்டர்."

பின்னேரம் அட்டவணையில் புதிதாக ஒரு வரி இருந்தது. பழம்: நாளுக்கு இரண்டு தட்டு மட்டும்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். எனக்குப் பொய் சொல்ல வராது. நான் பெரிய உத்தமி என்பதால் இல்லை. பொய் சொல்வதென்றால் மூன்று நாலு வசனம் தொடர்ந்து பேச வேண்டும், அது எனக்கு முடியாது. ஆகவே பேசாமல் இருப்பது என்று முடிவு செய்தேன். வழக்கமாகவே பேசாதவள் பேசாமல் இருந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஷெட்டில் நான் நிற்பது கரட் லைனில். கழுவிய கரட்டுகள் பெல்டில் வரும். முறிந்தது, வெடித்தது, இரண்டு காலாகப் பிரிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும். எனக்கு நேரே எதிரில் நிற்பவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல். ஷெட்டில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது சூப்பர்வைசருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். என் பக்கத்தில் நிற்பது மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி. அவளுடைய வீடு எங்கள் வீதியின் மறுமுனையில்.

செவ்வாய்க்கிழமை, பத்து மணித் தேநீர் இடைவேளையில், அந்தத் தங்கச்சி ஆரம்பித்தாள்.

"அக்கா, நேத்து உங்க வீட்டு ஜன்னல்ல ஒரு பொண்ணைப் பாத்தேன். மூஞ்சி பூரா மஞ்ச பூசிக்கிட்டு நின்னுச்சு. உங்க பொண்ணா? மெல்பேர்ண்ல இருந்து வந்துட்டாளா?"

அது மஞ்சள் இல்லை. மகள் முகத்துக்குப் பூசுகிற, குழாயில் வரும் ஏதோ களிமண். நான் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

"மஞ்சளோ?" என்று அக்கா நிமிர்ந்தார். "ஏன் பிள்ளை, உனக்கு முகம் சிவக்குது?"

எனக்கு யாராவது இரண்டு வினாடிக்கு மேல் பார்த்தால் முகம் சிவக்கும். அது அவருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அதை வேறு கணக்கில் சேர்த்துவிட்டார்.

புதன்கிழமை பெல்டுக்கு எதிரிலிருந்து சத்தமாகக் கேட்டார். மெஷின் சத்தத்தில் சத்தமாகத்தான் கேட்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறம். காரில இடம் இருக்கு. மகளையும் கூட்டிக்கொண்டு வாவன்."

அவள் வந்திருப்பது தெரிந்துவிட்டது. இனி மறைக்க முடியாது. உண்மையையே சுருக்கமாகச் சொல்வோம் என்று நினைத்தேன்.

"இல்லை அக்கா. அவள் வெளியில வரமாட்டாள்."

"வெளியில வரமாட்டாளோ?"

"ஓம்."

"எப்ப மட்டும்?"

"ஞாயிறு மட்டும்" என்றேன். ஞாயிறு வரைக்கும் என்று அர்த்தம்.

அக்காவின் கை நின்றுவிட்டது. ஒரு முறிந்த கரட் அவரைத் தாண்டி நேரே பொதிக்குள் போனது. இத்தனை வருடத்தில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கலியாணத்துக்குச் சில நாட்களுக்கு முன் நல்ல நேரம் பார்த்துத் தாலிக்குப் பொன் உருக்குவார்கள். பொன்னுருக்கு முடிந்துவிட்டால் பெண்ணும் மாப்பிள்ளையும் கலியாணம் வரை வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. இதை அக்கா பெல்டுக்கு மேலாகக் குனிந்து மதுரைத் தங்கச்சிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. தங்கச்சியின் வாய் மெல்லத் திறந்ததையும், அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கண்களை அகல விரித்ததையும் மட்டும் கண்டேன்.

வியாழக்கிழமைதான் எனக்கு விளங்கியது. பெல்டில் ஒரு கரட் வந்தது. இரண்டு கால், ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு. அக்கா அதைத் தொட்டியில் போடாமல் எடுத்துத் துடைத்து எனக்கு முன்னால் வைத்தார்.

"பார் பிள்ளை, சோடியை. மாப்பிள்ளை கொஞ்சம் உயரம்போல."

லைன் முழுக்கச் சிரித்தது. தமிழ் தெரியாத டோங்கா நாட்டுப் பெண் கூடச் சிரித்தாள். அந்தக் கரட்டுக்கு மொழி தேவைப்படவில்லை.

அந்த இடத்தில் நான் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு நான்தான் பொறுப்பு. ஏன் சொல்லவில்லை என்றால், மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். கலியாணம் இல்லை என்று சொன்னால், அப்படியானால் ஏன் வீட்டுக்குள் இருக்கிறாள் என்று கேட்பார்கள். களைத்துப் போனாள் என்று சொல்வேன். என்ன வருத்தம் என்பார்கள். வருத்தம் என்றால் அன்று பின்னேரமே சூப்போடு வந்துவிடுவார்கள். நோயாளியைப் பார்க்க யாரும் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை. கலியாணம் என்றால் அழைக்காமல் வரமாட்டார்கள். ஆகவே கலியாணமே பாதுகாப்பு. தலையைக் குனிந்து கொஞ்சம் சிரித்தேன். எங்கள் ஆட்களிடையே தாய் தலையைக் குனிந்து சிரித்தால் நாள் வைத்தாயிற்று என்று அர்த்தம்.

கணக்கில் இரண்டாம் முறை பாஸ் பண்ணினவள் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நான் திங்கட்கிழமைக்கு லீவு கேட்டது ஷெட்டுக்குத் தெரிந்துவிட்டது. மகளுக்கு முதல் நாள் காலையில் நல்ல சாப்பாடு கொடுத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தேன். வருடக்கணக்காக லீவு கேட்காதவள் கேட்டதால், கலியாணம் திங்கட்கிழமைதான் என்று அவர்களே நாள் வைத்துவிட்டார்கள். வேலை முடிந்து கையுறை கழற்றும் இடத்தில் அக்கா என்னைத் தனியே பிடித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெள்ளைக்காரப் பெடியனோ?"

நான் விழித்தேன்.

"அதாலதானே ஒருத்தருக்கும் சொல்லாமச் செய்யிறியள்? வெக்கப்படாத பிள்ளை. என்ர இரண்டாவது மகனும் அப்பிடித்தான் செய்தவன். அப்ப ஒரு சனமும் எட்டிப் பாக்கேல்லை. நான் தனிய நிண்டு பலகாரம் சுட்டனான். அந்த நிலைமை உனக்கு வராது. நாங்கள் இருக்கிறம்."

கரட் தண்ணீரில் ஊறிய என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது. அப்போதே சொல்லிவிட வாயைத் திறந்தேன். கண்ணீரைப் பார்த்ததும் அவர் "ஒண்டும் சொல்லாத, ஒண்டும் சொல்லாத" என்று என் தோளைத் தட்டிவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் பின்வளவில் தூக்கம்.

இவர் நன்றாக யோசித்துவிட்டுக் கேட்டார். "மாப்பிள்ளை என்ன வேலையாம்?"

"விளையாடாதேங்கோ."

"நான் தகப்பன். கேக்க வேண்டாமோ?"

"அவளுக்குத் தெரிஞ்சால் என்னோட கதைக்கமாட்டாள். சத்தியம் பண்ணிக் குடுத்தனான்."

"ஒருத்தரும் வரேல்லைதானே. இன்னும் இரண்டு நாள். விடு."

சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. மகளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை கொஞ்சம் குறைந்திருந்தது. காலையில் தானாக எழுந்து தோசை கேட்டாள். ஐந்து சாப்பிட்டாள். நான் எண்ணவில்லை என்று காட்டிக்கொண்டு எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி இருக்கும். அட்டவணைப்படி மகள் டிராம்போலினில். இவர் மூலையில் இருக்கும் டெயரிக் கடைக்குப் பால் வாங்கப் போயிருந்தார். வாசலில் கார் கதவுகள் அடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். முன்னால் அக்கா, கையில் பெரிய எண்ணெய்ச் சட்டி. பின்னால் மதுரைத் தங்கச்சி, ஒரு வாளி எண்ணெயோடு. அவளுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு லைனில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். ஒருவரிடம் மூடி போட்ட பெரிய பாத்திரம், மற்றவரிடம் முறுக்கு உரல்.

பலகாரச் சூடு. கலியாண வீட்டில் அயலுக்குள் இருக்கும் பெண்கள் எல்லாம் கூடி இருந்து பலகாரம் சுடுவது. அதற்கு அழைப்பு வேண்டியதில்லை என்பதை நான் மறந்தே போனேன்.

மணி அடிப்பதற்கு முன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மணி அடித்தால் அவள் எழும்பிவிடுவாள்.

"தள்ளு பிள்ளை, சட்டி பாரம்" என்றார் அக்கா.

நான் தள்ளவில்லை. இரண்டு கையையும் கதவு நிலையில் வைத்துக்கொண்டு நின்றேன்.  பின்வளவில் அவள் தூங்குகிறாள். இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருக்கிறது.

"அக்கா, கலியாணம் இல்லை."

"என்ன?"

"கலியாணம் இல்லை. பொன்னுருக்கு இல்லை. மாப்பிள்ளையும் இல்லை. பிள்ளை களைச்சுப் போனாள். நாளைக்கு எல்லர்ஸ்லியில வேலை பழகப் போறாள். அதுக்கு முதல் நித்திரை கொள்ள வந்தவள். ஒருத்தரும் வரக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவள். நான்தான் உங்களைப் பேய்க்காட்டினனான். மன்னிச்சுக் கொள்ளுங்கோ. உள்ள விடமாட்டன்."

நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதை அவர்கள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

 அக்கா சட்டியைக் கீழே வைத்தார்.

"சும்மா சொல்லுறாய்."

"இல்லை அக்கா."

"நித்திரை கொள்ள ஆரும் பிளேன் ஏறி வருவினமோ? அங்க கட்டில் இல்லையோ?"

"பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டாளாக்கா?" என்று தங்கச்சி மெதுவாகக் கேட்டாள். "மாப்பிள்ளை வீட்ல ஏதும் பிரச்சினையா?"

வாழ்க்கையில் முதல் முறை வாய் திறந்து உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, வீட்டுப் பக்கவாட்டால் பின்வளவுக்கு அவர்களை வரிசையாகக் கூட்டிப் போனேன். அக்கா, தங்கச்சி, மற்ற இருவர். முறுக்கு உரலைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒருவர்.

மகள் மல்லாந்து கிடந்தாள். தொப்பி நழுவிப் புல்லில் கிடந்தது. வாய் திறந்திருந்தது. முகத்தில் அந்தக் களிமண் காய்ந்து, குளம் வற்றிய மாதிரி வெடித்திருந்தது. காலில் தகப்பனுடைய சொக்ஸ். மெல்லிய குறட்டையும் இருந்தது.

நாலு பேரும் புல்லில் நின்று பார்த்தார்கள்.

"ஐயோ" என்று அக்கா மூச்சுக் காற்றாலேயே சொன்னார். "இது கலியாணப் பொம்பிளையே இல்லை. வேலைக்குப் போய் வந்த ஆள்."

முகத்தருகே குனிந்து ஒரு ஈயை விரட்டினார். பிறகு எங்கள் எல்லோரையும் கையால் தள்ளித் தள்ளி முன்பக்கம் கூட்டி வந்தார். நான் அவமானத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ செய்தது பிழை" என்றார். "அதை நாளைக்குப் பிறகு கதைப்பம். இப்ப, அரியதரத்துக்கு மா நேற்றே குழைச்சது. இண்டைக்குச் சுடாட்டில் புளிச்சுப்போம். எண்ணெயும் வாங்கியாச்சு. கராஜில அடுப்பு இருக்கோ?"

"இருக்கு. ஆனால் சத்தம்..."

"சத்தம் போடமாட்டம்."

அப்படித்தான் எங்கள் கராஜில், இவருடைய கார் நிற்கும் இடத்தில், நாலு பெண்களும் நானும் குசுகுசுத்தபடி, அதிரசம் போன்ற அரியதரமும் முறுக்குமாகப் பலகாரம் சுட்டோம். எங்கள் பெண்கள் சத்தமில்லாமல் பலகாரம் சுட்டதை உலகத்தில் வேறு யாரும் கண்டிருக்கமாட்டார்கள். "சீனி காணுமோ" என்பதைக் காதில் சொன்னார்கள். எண்ணெய் கையில் தெறித்தபோது தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தாள். பாலோடு வந்த இவர் கராஜ் கதவைத் தூக்கினார். ஐந்து பெண்களும் ஒன்றாக "ஷ்ஷ்" என்றோம். கதவை மெதுவாக இறக்கிவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு மணித்தியாலம் அவரைக் காணவில்லை.

மகளை எழுப்பியது சத்தம் இல்லை, வாசம். மூன்றரை மணிக்குக் கராஜின் பின்கதவு திறந்தது. வெடித்த முகத்தோடும் கலைந்த தலையோடும் நின்றாள். நாலு பேரும் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் கையில் இருந்த கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். ஏன் என்று தெரியாது.

"அம்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். களிமண், கோயில், ஞாயிறு மட்டும், கரட், லீவு, என்னுடைய சிரிப்பு. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. களிமண் காய்ந்த முகத்தில் எப்படித் தெரியும்? பத்து நாளில் ஒன்பதரை நாளைக் காப்பாற்றி, கடைசியில் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். நாளைக்கு அவள் போகிற இடத்தில் அவளைப் பத்து வாரம் பார்க்கப் போகிறார்கள், இந்த அரை நாளும் அவளுக்குத் தேவையாக இருந்தது.

அவள் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். அக்காவைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். இது உண்மையாகவே தமிழில்தான்.

"அன்ரி, மாப்பிள்ளை ஆர்?"

அக்கா ஒரு கணம்தான் தயங்கினார்.

"உயரம். ஆறடி."

"ஆமா, பேங்க்ல வேலை" என்றாள் தங்கச்சி. "சைவம்."

"சைவமோ? வெள்ளைக்காரனோ?"

"உனக்காக மாறினவர்" என்றார் அக்கா. "போன வருசம். தாய்க்குக் கொஞ்சம் மனவருத்தம்."

நாலு நாள் கரட் லைனில் நின்று அவர்கள் அந்தப் பையனை முழுதாகச் செய்து முடித்திருக்கிறார்கள். அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள். நீச்சல் தெரியும். தமிழ் படிக்கிறான், எழுத்து வரை வந்துவிட்டான். மகள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், இன்டர்வியூ செய்கிறவர்கள் மாதிரி.

"சமைப்பாரோ?"

"சமைப்பார்."

"பாத்திரம் கழுவுவாரோ?"

அக்கா யோசித்தார். "அவ்வளவுக்கு நாங்கள் போகேல்லை."

"அப்ப வேண்டாம்" என்றாள் மகள்.

முதலில் அக்காதான் சிரித்தார். அதுவரை அடக்கி வைத்த சத்தம் முழுவதும் அந்தச் சிரிப்பில் வந்தது. மகள் சிரித்தபோது கன்னத்துக் களிமண் துண்டு துண்டாக மடியில் விழுந்தது. பிறகு இரண்டு அரியதரத்தை ஊதி ஊதிச் சாப்பிட்டாள். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, "நாலு மணி மட்டும் எனக்கு நேரம் இருக்கு" என்று இங்கிலீசில் சொல்லிவிட்டு டிராம்போலினுக்குத் திரும்பிப் போனாள். அக்கா உடனே எல்லோரையும் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

அவர்கள் போன பிறகு, வெயில் இன்னும் இருக்கும்போதே, மகள் மறுநாளைக்கான சட்டையை ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கோவமோ?"

அவள் சட்டையின் கையைத் திருப்பிப் போட்டாள்.

"அந்த அன்ரி சொன்னவா. நீங்கள் கதவில கை வைச்சுக்கொண்டு நிண்டனீங்களாம். உள்ள விடமாட்டன் எண்டீங்களாம்."

"ஓம்."

"நாலு பேருக்கு முன்னால?"

"ஓம்."

"அம்மா" என்றாள்.  ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தலையை என் தோளில் வைத்தாள். இந்த முறையும் நின்றபடியே தூங்குகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. மகள் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு ஆறே முக்காலுக்குக் காரில் புறப்பட்டாள். மோட்டர்வேயில் நெரிசல். எட்டு இருபதுக்கு எல்லர்ஸ்லிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான் லீவில் நின்று கராஜ் தரையில் இருந்த எண்ணெயைத் துடைத்தேன். பின்னேரம் மழை பெய்தது.